காயப்போட்ட குளம்

மாவட்ட அலுவலக அரங்கில் எங்கள் ஊர் வரைபடத்தைத் திரையில் போட்டதும் பாங்ச்சி அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அவளைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"அந்தச் சாம்பல் கலர் என்னது?"

மேடையில் இருந்த அதிகாரி, சியாவ் என்று பெயர், ஐம்பதை நெருங்கும் பெண்மணி. பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். "பயன்பாட்டில இல்லாத குளங்கள்மா. கைவிட்ட இடம். சூரியத் தகடு போட அதைத்தான் ஒதுக்கியிருக்கு."

"அந்தச் சாம்பலுக்குள்ள, தெக்கால, வாய்க்கா வளையுற இடத்துல இருக்கிறது என் குளம். நேத்துக்கூட அதுல வலை இழுத்துட்டுத்தான் வந்து நிக்கிறேன். என் கைய மோந்து பாருங்க, மீன் நாத்தம் போகலை."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"வானத்துல இருந்து எடுத்த படம்மா இது. போன ஜனவரி எடுத்தது. பொட்டுத் தண்ணி இல்லை, தரையெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு."

"ஜனவரில எவன் தண்ணி வச்சிருப்பான்? மீனை எடுத்துட்டு, தண்ணிய வடிச்சு, தரைய ரெண்டு மாசம் வெயில்ல காயப்போடணும். அப்பத்தான் மறு வருசம் பாசி புடிக்கும், நோய் அண்டாது. தூங்குறவனைப் படம் புடிச்சு வச்சுக்கிட்டு செத்துட்டான்னு எழுதியிருக்கீங்க!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அக்கா விடவில்லை. "சரி, அந்தப் பச்சை?"

"கரண்டிவாயன் பறவைக்கு விட்டிருக்கிற இடம்."

"குளிருக்கு நாலு மாசம் வந்துட்டுப் போற கொக்குக்கு ஒரு கலர் இருக்கு. வருசம் பூரா கிடக்கிற எங்களுக்கு ஒண்ணும் இல்லை."

"கொக்கு இல்லம்மா, கரண்டிவாயன்."

"அதோட பேரு மட்டும் சரியாத் தெரியுது."

சியாவ் முகம் சிவந்தது. ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், ஜனவரி இருபதாம் தேதி நேரில் வந்து பார்ப்போம், அன்றைக்குக் கண்ணால் கண்டதைத்தான் எழுத முடியும் என்றாள். அக்கா அங்கேயே தாள் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

இது தைவானின் தென்மேற்குக் கரை. எங்கள் ஊர் யாம்பே. இந்தக் கரை எதற்கு லாயக்கு என்பதை எப்போதும் வேறு யாராவது வந்துதான் முடிவு செய்வார்கள். என் சின்ன வயதில் உப்பளம். அது கட்டாது என்று மூடினார்கள். பிறகு செருப்புத் தொழிற்சாலை வந்தது. அதில் பதினேழு வருடம் பசை தடவினாள் அக்கா. ஒரு நாள் காலையில் மெஷின்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, சீனாவில் கூலி குறைவு என்று அந்தக் கரைக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோ குடும்பத்துப் பெரியவரிடம் வாய்ப்பேச்சில் ஏழு ஏக்கர் குளத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பால்மீன் விட ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. பெரியவர் போய்ச் சேர்ந்தார். வாரிசுகள் ஏழு பேரும் தைபேயில் இருக்கிறார்கள். குளம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தகடு கம்பெனிக்காரன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, மீன் குத்தகையைப் போல் எட்டு மடங்கு தருகிறேன் என்றான். ஏழு பேரும் ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

மீன் வளர்ப்பவர்களின் அரசாங்கப் பதிவேட்டில் அக்காவின் பெயர் கிடையாது. பெயர் ஏற நிலத்துக்காரனின் கையெழுத்து வேண்டும், பெரியவர் காகிதம் என்றாலே பயப்படுகிறவர். பக்கத்துக் குளத்தைக் குத்தகைக்குப் பிடித்திருக்கும் என் பெயரும் இல்லை. தெற்கு வட்டாரத்தில் பதினைந்து குளம், பதினைந்தும் குத்தகை, ஒருவர் பெயரும் இல்லை. சட்டப்படி நாங்கள் அங்கே இல்லவே இல்லை.

பாங்ச்சி என்ற பெயருக்கு எங்கள் பேச்சில் 'ஏதோ வளர்த்து வைப்போம்' என்று அர்த்தம். அவள் வீட்டில் ஐந்தாவது பெண்.

பஸ்ஸில் திரும்பும்போது, "ஆ-கின், இந்த வருசம் நான் குளத்தைக் காயப்போடலை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, பால்மீன் குளிர் தாங்காது. வாடைக்காத்து ஒரு நாள் இறங்கினாப் போதும், வயித்தைக் காட்டிட்டு மிதக்கும்."

"அவங்க தண்ணியப் பாத்தாத்தான் குளம்னு நம்புவாங்க. தண்ணியக் காட்டுறேன். வடக்கு ஓரத்துல ஆழமாக் குழி பறிச்சு, மேல மூங்கிலும் பிளாஸ்டிக்கும் கட்டினா ஆறாயிரம் மீனைக் காப்பாத்தலாம்."

"காப்பாத்த முடியலைன்னா?"

"முடியலைன்னா முடியலை. உன் குளத்துல தண்ணி வைக்கச் சொல்லி நான் கேட்டேனா? நீ காயப்போடு."

போட்டேன். மற்ற பதின்மூன்று பேரும் போட்டார்கள். எங்களுக்குத் துணிச்சல் இல்லை, அதுதான் உண்மை. பொக்லைன் வைத்துக் குழி பறிக்கும்போதும் மூங்கில் நடும்போதும் கூட நின்று வேலை செய்தேன், அவ்வளவுதான். ஊர் முழுக்க வெடித்த தரையாகக் கிடக்க, நடுவில் அவள் குளம் மட்டும் பளபளவென்று நின்றது.

கம்பெனி ஆள் லூ வாரம் ஒரு தடவை வருவான். முப்பது வயது இருக்கும். சேற்று ஊருக்கு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருகிறவன். பொல்லாதவன் என்று சொல்ல மாட்டேன். வரும்போதெல்லாம் பழம் வாங்கி வருவான்.

"அத்தை, ஊரே மெச்சுற வேலை இது. நாட்டுக்குக் கரண்ட் வேணாமா? நிலக்கரிப் புகையில எத்தனை பேர் சாகுறாங்க?"

"தகடு போடு. யார் வேணாம்னது? மூடிக் கிடக்கிற உப்பளத்துல போடு, அலுவலகக் கூரையில போடு. மீன் சோத்துக்கு. வெறும் கரண்டைக் கஞ்சில போட்டுக் குடிப்பியா?"

"காலி பண்றதுக்குத் தனியாப் பணம் தர்றாங்கத்தை. வயசாகுது, நிம்மதியா உக்காரலாம்."

"உக்காந்தா எனக்கு முதுகு வலிக்கும். பழத்தை எடுத்துக்கிட்டுப் போ."

போகிற வழியில் அவன் என் வீட்டுக்கும் வந்து, காலி செய்யச் சம்மதம் என்ற தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். நான் கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

ஜனவரி பதினாறாம் தேதி வாடை இறங்கியது. ஆறு டிகிரி. மூங்கில் தட்டிகள் ஆடின, பிளாஸ்டிக் பிய்ந்து பறந்தது. நானும் அவளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பத் திரும்பக் கட்டினோம். மூன்றாம் நாள் காலையில் காற்று நின்றபோது, குளத்தின் தெற்குக் கரை முழுக்க வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. மூவாயிரத்துக்கு மேல் போய்விட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கரையில் குந்தி, ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தாள். "ஐஸ் வண்டிக்குப் போன் போடு. ஒரு மீன்கூடக் கெடக் கூடாது."

"செத்த மீனை யாரு வாங்குவா?"

"விக்கிறதுக்கு இல்லை."

லூ செய்தி கேட்டு ஓடிவந்தான். பெட்டி பெட்டியாக மீனைப் பார்த்ததும் அவனுக்கே மனசு கேட்கவில்லை. "அத்தை, நான் அப்பவே சொன்னேன்ல..."

"சொன்னே. இருபதாம் தேதி நீயும் வா. வேடிக்கை பாரு."

இருபதாம் தேதி சியாவ் ஓர் உதவியாளனோடு வந்தாள். லூவும் வந்தான். பதினைந்து குத்தகைக்காரர்களும் வரப்பில் நின்றோம். அக்கா முதலில் ஐஸ் பெட்டிகளைத் திறந்து வரிசையாகக் காட்டினாள்.

"இது என்னம்மா?" என்றாள் சியாவ்.

"செத்த மீனு. நல்லாப் பாத்துக்கங்க. கைவிட்ட குளத்துல மீன் சாகாது. சாகணும்னா முதல்ல யாராவது அதை வளத்திருக்கணும்."

பிறகு எனக்குக் கண் காட்டினாள். நானும் இன்னும் மூவரும் வடக்கு ஓரத்தில் வலையை இழுத்தோம். மீதி இருந்த மீன்கள் வெள்ளி வெள்ளியாக எம்பிக் குதித்தன. ஒன்று வலையைத் தாண்டி லூவின் ஷூ மேல் விழுந்தது. கூட்டம் ஹோவென்று கத்தியது. சியாவே சிரித்துவிட்டாள்.

அவள் தாளில் எழுதினாள். "ஓங் பாங்ச்சி, ஏழு ஏக்கர், பயன்பாட்டில் உள்ளது. வாழ்த்துக்கள்மா. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அக்கா பேனாவை வாங்கினாள். தாளைப் படித்தாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"மத்த பதினாலு?"

"அதுல தண்ணி இல்லையேம்மா. கண்ணால கண்டதைத்தான்..."

"அப்ப நான் போட மாட்டேன்."

"அக்கா, போட்டுரு. உனக்காவது..." என்று முணுமுணுத்தேன். லூவும், "அத்தை, உங்களுக்குத்தான் கிடைச்சிருச்சே! ஊரையே ஏன் தலையில தூக்கி வச்சுக்கிறீங்க?" என்றான்.

அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சியாவிடம்தான் பேசினாள். "தண்ணி இருந்தாத்தான் குளம்னு எழுதின தாள்ல நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்? அடுத்த ஜனவரி நான் காயப்போடுவேன். காயப்போட்டே ஆகணும், ரெண்டு வருசம் விட்டா மண்ணு நாறிடும். அப்ப மறுபடி படம் எடுத்துட்டு வருவீங்க, நானே கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுவீங்க. வருசா வருசம் மூவாயிரம் மீனைக் கொன்னுதான் நான் இங்க இருக்கேன்னு நிரூபிக்கணுமா? காயுறதும் வேலைதாம்மா. இறங்கிப் பாருங்க."

"எங்க?"

"இவன் குளத்துல," என்று என்னைக் காட்டினாள். "ஷூவைக் கழட்டிட்டு இறங்குங்க. வானத்துல இருந்து பாத்தது போதும்."

சியாவ் வரப்பிலிருந்து என் குளத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றி உதவியாளன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

என் குளத்தை என்னைவிட நன்றாக அக்காதான் காட்டினாள். கலப்பை போன தடம், முந்தின வாரம் நான் தூவிய சுண்ணாம்பு, பழுது பார்த்த மதகு, வரப்பில் கிரீஸ் தடவிக் கவிழ்த்து வைத்த, தண்ணீரில் காற்றுக் கலக்கும் சக்கரங்கள். ஒரு பாளத்தைப் பெயர்த்து சியாவின் உள்ளங்கையில் வைத்தாள். மேலே வெளுத்திருந்தது, அடியில் கருப்பாக ஈரம். "மோந்து பாருங்க. நாறுதா?"

"இல்லை. மண் வாசனைதான் வருது."

"நாறாம இருக்கத்தான் இவன் ரெண்டு மாசமா சாகுறான். கைவிட்டவன் எவனாவது சக்கரத்துக்கு கிரீஸ் போடுவானா?"

பதினான்கு குளத்திலும் இறங்கினாள் சியாவ். முடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது. கால் முழுக்கச் சேறும் சுண்ணாம்பும். கடைசியில் புதுத் தாள் எடுத்து, பதினைந்து பெயர்களையும் எழுதி, 'சுழற்சி முறையில் பயன்பாட்டில் உள்ளன. குளிர்காலத்தில் உலர்த்துவது தொழிலின் பகுதி' என்று எழுதினாள். "மேல இதை ஏத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் திட்டு விழும்."

"விழுந்தாச் சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள் அக்கா. அடுத்தது நான். பையிலிருந்து பேனாவை எடுக்கும்போது லூ கொடுத்த தாளும் கூடவே வந்தது. வாயில் மென்றுகொண்டிருந்த பாக்கை அதில் துப்பிக் கசக்கி அவன் கண் முன்னாலேயே எறிந்தேன். அக்கா அந்தத் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கழுதை," என்றாள். அதற்கு மேல் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முடிவு வர மே மாதம் ஆனது. தெற்கு வட்டாரம் முழுவதையும் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். வடக்கே மூடிக் கிடந்த உப்பளத்தில் தகடு போட்டார்கள். அங்கே இப்போது கரண்ட் எடுக்கிறார்கள், எங்களுக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அந்த வருடம் அக்காவுக்கு நஷ்டம்தான். பழைய மோட்டார் வண்டியை விற்றுத்தான் குஞ்சு வாங்கினாள்.

ஆனால் வடித்துக் காயப்போட்டிருந்த குளத்தில் உடனே விடவில்லை. குஞ்சுகளைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு, கோ வாரிசுகளுக்குச் சொல்லி அனுப்பினாள். எட்டு மடங்கு கனவு கலைந்த கோபத்தில் மூத்தவர் காரில் வந்து இறங்கினார்.

"உங்களாலதான் எல்லாம் கெட்டுச்சு. இப்ப என்ன வேணும்?"

"கையெழுத்து. ஒம்பது வருசத்துக்குக் குத்தகை எழுதித் தாங்க. பதிவேட்டுல என் பேரு ஏறணும்."

"எழுத மாட்டேன்னா?"

"நீங்களே வளத்துக்கங்க. மதகு அந்தப் பக்கம். காலையில நாலு மணிக்கு வந்து திறக்கணும்."

மூத்தவர் குளத்தைப் பார்த்தார், தன் கால்சட்டையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குளத்தின் கரையில் நிற்கிறார். கார் பானட்டின் மேல் தாளை வைத்து ஏழு பேர் சார்பிலும் எழுதிக் கொடுத்தார். அக்கா இரண்டு தரம் படித்து, மடித்து, என்னிடம் கொடுத்தாள். "ஈரம் படாம வச்சுக்கோ. இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஆபீசுல கொடுத்துட்டு வந்துரு."

நான் வண்டியைக் கிளப்பும்போது அவள் மதகின் மேல் ஏறி நின்று பலகையை இழுத்துக்கொண்டிருந்தாள். கடல் ஏற்றத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே பாய ஆரம்பித்தது. மதகடியில் நின்றிருந்த மூத்தவரின் காலடி நனைந்தது. "தள்ளி நில்லுங்க," என்று அவரை அதட்டினாள் அக்கா.