ஐந்தாவது பேட்டரி

பியூலா பெங்களூரில் ஓர் ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிறவள். அங்கே யு.பி.எஸ்.ஸுக்குப் புதுப் பேட்டரிகள் வந்தபோது, கழித்த பழசுகளை மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கினாள். ஒரு நாளைக்கு ஒன்றாக, ஊருக்குத் திரும்பும் மாரிகுப்பம் ரயிலில் காலுக்கடியில் வைத்து ஐந்தை வீடு சேர்த்தாள். தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்றுவிட்டது.

வீட்டில் அவள் புருஷன் இன்பராஜின் மூச்சு ஆக்சிஜன் மெஷினை நம்பி ஓடியது. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; அந்தத் தூசி நுரையீரலில் குடியேறி இருபத்தைந்து வருஷம். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் மனுஷனின் உதடு நீலமாகிவிடும்.

எலக்ட்ரீஷியன் ராகேஷ் சொன்னபடி, ஒவ்வொன்றையும் சார்ஜ் ஏற்றி, ஆட்டோ ஹெட்லைட் பல்பை மாட்டிக் கடிகாரம் பார்த்தாள். நான்கு தாக்குப்பிடித்தன. ஐந்தாவது சும்மா வைத்தாலே ஒரே நாளில் வடிந்துபோனது.

"உள்ள ஒரு செல் செத்துப்போச்சுக்கா. மத்ததோட சேக்காதீங்க, அதுங்களையும் காலி பண்ணிடும்," என்றான் ராகேஷ்.

நான்கை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்தாள். கரண்ட் இல்லாமலேயே மெஷின் இரண்டரை மணி நேரம் ஓடியது. ஐந்தாவதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

அந்த ஞாயிறு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இருக்காது என்று அறிவித்திருந்தார்கள். பியூலா சர்ச்சுக்குப் போகவில்லை. கர்த்தருக்கு நிலைமை தெரியும். பத்தே முக்காலுக்கெல்லாம், சார்ஜ் தீர்கிறதென்று இன்வெர்ட்டர் கத்தியது. ஓடிப்போய்ப் பேட்டரிகளை மூடியிருந்த பலகையைத் தூக்கினால், நான்கு இருந்த இடத்தில் ஐந்து! ஐந்தாவது, கை வைக்க முடியாமல் கொதித்தது.

ஸ்விட்சை அணைத்தாள். மெஷின் நின்றது. பின்னால் இன்பராஜ் காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடும் சத்தம். ஸ்பானர் இரண்டு முறை கைதவறி விழுந்தது. ஒருவழியாக ஐந்தாவதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் மறுபடி மூச்சுவிட்டது.

"இன்னா வேலை பண்ணீங்க? யார் சேத்தது?"

"நான்தான். நேத்து நீ கடைக்குப் போனப்போ, கொஞ்சம் கொஞ்சமா இழுத்து." அவருக்கு ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "சுரங்கத்துல எங்க கேங்ல ஒருத்தனுக்கு முடியலன்னா வுட்டுட மாட்டோம் பியூலா. கூடவே நிறுத்திக்குவோம். அவன் பங்கையும் நாங்க வெட்டுவோம்."

"அது மனுசனாங்க? பேட்டரிங்க!"

"முடியாததைத் தூக்கிப் போடணும்னா, மொதல்ல என்னைப் போடு."

அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தோடு அழுகையும் வந்தது. இந்த ஆளுக்காகத்தானே இத்தனை கனம் சுமந்தாள்? அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் இன்வெர்ட்டர் திரும்பவும் கத்த ஆரம்பித்தது. அவள் ஜெபத்தை ஆரம்பிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

சாயங்காலம், ஆறிப்போன ஐந்தாவதை உள்ளே கொண்டுவந்தாள். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை மட்டும் அதில் மாட்டி, கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டாள். மங்கலாக, ஆனால் எரிந்தது.

சுரங்கத்தில் அவர் நெஞ்சு கெட்டபோது கம்பெனி வீட்டுக்கு அனுப்பவில்லை. கீழே இறக்காமல், வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஆள் கணக்குக்காக டோக்கன் கொடுக்கும் வேலையில் மேலேயே உட்கார வைத்தது. அதற்குப் பெயர் சர்ஃபேஸ் ட்யூட்டி.

"இதுக்கு இனிமே சர்ஃபேஸ் ட்யூட்டி," என்றாள் பியூலா.

இன்பராஜ் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்:

"அதுக்கு டோக்கன் குடுத்துட்டியா?"