கிளெனிஸ் திருடனோடு பேரம் பேசிய வாரம்

கிளெனிஸ் டிரெவாரோவுக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் வாயில் வராது. போர்ட் ஹாலம் என்ற கடலோர ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் இது. புல்தரையில் பந்துருட்டி ஆடுகிற பௌல்ஸ் கிளப்பில் வெள்ளிக்கிழமை இறைச்சிப் பரிசுக் குலுக்கலுக்கு விலைபோகாமல் நிற்கிற சீட்டெல்லாம் அவள் கைப்பையில்தான் போய்ச் சேரும். பேக்கரியில் ஆறிப்போன இறைச்சிப் பேஸ்டியைக் கொடுத்தாலும், கொடுத்த பெண் மனம் நோகக் கூடாதென்று, சூடாக இருப்பதுபோல ஊதி ஊதித் தின்பாள். அப்படிப்பட்டவளைப் பிடித்துப் போன் கம்பெனியோடு பேரம் பேசச் சொன்னவள் பக்கத்து வீட்டு ரோண்டா.

ரோண்டா கெஸ்ஸல் முப்பது வருஷம் நெட்பால் நடுவராக இருந்தவள். வேலை போய்விட்டது, விசில் மட்டும் இன்னும் கைப்பையில் இருக்கிறது. குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில்தான் கிளெனிஸ் வாயைக் கொடுத்தாள். ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறதாம், பழைய திட்டம் இனிமேல் கிடையாதாம், புதியதற்கு மாதாமாதம் ஒன்றரை மடங்கு கட்ட வேண்டுமாம்.

“கட்டப் போறியா?” ரோண்டா தொட்டியை அப்படியே நடைபாதையில் விட்டாள்.

“வேற என்ன பண்றது? மெசேஜ் அனுப்பியிருக்காங்களே.”

“அவங்க ஊர்ல இருக்கற எல்லாருக்கும்தான் அனுப்புவாங்க. உன்னை மாதிரி நாலு பேர் பேசாம கட்டறதாலதான் அவங்க கொழுத்துப் போறாங்க. போன் போட்டு ‘நான் போறேன்’னு சொல்லுடி. உடனே வேற ஆளுக்கு மாத்துவாங்க. அங்க உக்காந்திருக்கறவங்களுக்குக் கெஞ்சறதுதான் வேலையே. சம்பளம் வாங்கிட்டுக் கெஞ்சறாங்க! நான் போன வருஷம் அப்படித்தானே பாதியா குறைச்சேன்?”

இந்தப் பாதிக் கதையைக் கிளப்பில் கேட்காதவர் கிடையாது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தொகை இன்னும் கொஞ்சம் இறங்கும்.

“நெஜமாவே போகச் சொல்லிட்டா?” என்றாள் கிளெனிஸ்.

“சொல்ல மாட்டாங்க. சொன்னாத்தான் என்ன, வேற கம்பெனியே இல்லையா?”

இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனியின் சிக்னல் போர்ட் ஹாலத்தில் கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் கடைசிப் பலகையில்தான் கிடைக்கும். கோடைகாலத்தில் அங்கே தூண்டில் போடுகிறவர்களைவிடப் போன் பேசுகிறவர்கள் அதிகம்.

கிளெனிஸின் பயம் சிக்னலைப் பற்றியது மட்டும் அல்ல. அவளுடைய அக்கா வால்மா நியூசிலாந்தில், இன்வர்கார்கில் ஊரில், முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். வால்மாவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. புருஷன் பெயர் போய்விட்டது, பெற்ற பிள்ளைகளின் பெயர் கலந்துவிட்டது. ஆனால் தினமும் சாப்பாடு முடிந்ததும் வராந்தாப் போனை எடுத்து, விரல் தன்பாட்டில் ஓட, தங்கச்சியின் எண்ணைத் தப்பில்லாமல் அடித்துவிடுவாள். இங்கே அப்போது மணி நாலு. “கெட்டிலை வெச்சிட்டியா, கிளென்?” என்பாள். டீக்குத் தண்ணீர் வைத்தாயா என்ற அது ஒன்றுதான் கேள்வி. “வெச்சிட்டேன் வால்” என்பது பதில். வேறு எண்ணை எழுதிக் கொடுத்தால் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு மறுபடி பழைய எண்ணைத்தான் அடிப்பாள் என்று அங்கே இருக்கிற நர்ஸே சொல்லிவிட்டாள். அந்த எண் செத்தால் வால்மாவுக்குக் கிளெனிஸும் செத்த மாதிரிதான்.

இதையெல்லாம் ரோண்டாவிடம் சொல்லலாம். ஆனால் மறுநாள் காலையில் ரோண்டா பிஸ்கட் தட்டோடு வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தபிறகு எப்படி வேண்டாம் என்பது?

“என்ன விஷயம்மா, சொல்லுங்க,” என்றது ஒரு சின்னப்பெண் குரல்.

“வந்து… நான் போயிடலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா.”

ரோண்டா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, அப்படியாம்மா. சரி, ரத்து பண்ணிடவா? வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட லைன் நின்னுடும். சரிதானேம்மா?”

கெஞ்சல் இதோ வருகிறது என்று ரோண்டா சைகை காட்டினாள். வரவில்லை. அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் இவ்வளவு தட்டியபிறகு எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வது மரியாதை இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. “சரிம்மா. ரொம்ப நன்றி. சிரமம் கொடுத்துட்டேன்” என்றாள்.

ரோண்டா கடைசி பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, “அடுப்புல ஏதோ வெச்சிட்டு வந்தேன்,” என்று எழுந்து போனாள்.

அன்று நாலு மணிக்கு வால்மா கெட்டிலைப் பற்றிக் கேட்டபோது கிளெனிஸ் ‘வெச்சிட்டேன் வால்’ என்பதை இரண்டு தடவை சொன்னாள். மறுநாள் துணிந்து கம்பெனிக்குப் போன் போட்டாள். நெடுநேரம் சங்கீதம் கேட்டபிறகு வேறொருவர் எடுத்து, ரத்து செய்கிற விவகாரமெல்லாம் இப்போது வேறு பிரிவிடம் போய்விட்டது, அவர்களே உங்களைத் தொடர்புகொள்வார்கள் என்றார். கிளெனிஸுக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து வாசல் தபால்பெட்டியே கதி என்று ஆனாள்.

தபால்பெட்டி எதற்கு என்று கேட்கலாம். அதற்குக் காரணம் போன மாதம் கிளப்பில் நடந்த கூட்டம். போன் மோசடிக்காரர்களைப் பற்றி எச்சரிக்க ஒரு கான்ஸ்டபிள் வந்திருந்தார். அவர் ஒரு மணி நேரம் என்னென்னவோ சொன்னார். சாண்ட்விச்சுக்கு நடுவே ஊர் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: உண்மையான கம்பெனி கடிதம் போடும், திருடன்தான் போன் போடுவான். அதுமுதல் போர்ட் ஹாலத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் திருவிழா. யார் யாரை எப்படித் திட்டினார்கள் என்று பௌல்ஸ் ஆட்டத்துக்கு நடுவே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ரோண்டா விசிலை ஊதுவாள். வாழ்நாளில் யாரையும் ஒரு சொல் சொல்லாத கிளெனிஸுக்கும் ஊர் கொடுத்த ஒரே அனுமதி இது. அதை அவள் வீணாக்கியதில்லை.

ஆகவே புதன்கிழமை போன் அடித்து, ஒரு ஆண்குரல் மிகவும் பணிவாக, “வணக்கம்மா, நான் அபிசாய். உங்க போன் கம்பெனிலேர்ந்து பேசறேன்,” என்றதும் கிளெனிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்படியா?”

“நீங்க எங்களை விட்டுப் போறீங்கன்னு வருத்தமா இருக்கும்மா. உங்களுக்காக ஒரு சலுகை இருக்கு. முதல்ல உங்க பிறந்த தேதியைச் சொன்னீங்கன்னா…”

“ஓஹோ! பிறந்த தேதி வேணுமா உனக்கு? கேக் அனுப்பப் போறியா?”

“இல்லம்மா, சரிபார்க்கத்தான். பழைய திட்டத்துல என்ன கட்டினீங்களோ அதே…”

“வயசானவங்களை ஏமாத்திப் பொழைக்கறியே, வெக்கமா இல்ல உனக்கு? உன்னைப் பெத்தவளுக்குத் தெரியுமா நீ என்ன வேலை பாக்கறேன்னு?”

வைத்துவிட்டாள். கன்னம் சிவந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த வாரத்தில் அவள் நிம்மதியாக இருந்த நிமிஷம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மறுபடி அவனே. குரலில் பணிவு குறையவில்லை. “அம்மா, மேலதிகாரிகிட்ட பேசினேன். இன்னும் குறைச்சிருக்கோம். நியூசிலாந்துக்குப் பேசறதுக்கும் தனியா காசு கிடையாது…”

நியூசிலாந்து என்றதும் கிளெனிஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். திருடன் அக்காவரைக்கும் துப்பு விசாரித்திருக்கிறான்! “எங்க அக்கா பக்கம் போனே, தொலைச்சிடுவேன்! திருட்டுப் பயலே!” என்று கத்தினாள். வேலி ஓரம் நின்றிருந்த ரோண்டா, தன் காதே தன்னை ஏமாற்றுகிறதோ என்று பார்த்தாள்.

தபால்காரன் அன்றும் வந்தான். தச்சுச் சாமான் கடை விளம்பரம் ஒன்று போட்டுவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளெனிஸ் சமையலறையில் போனை மேஜைமேல் வைத்து, இறுதிச் சடங்குக்கு வந்தவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோண்டாவும் வந்திருந்தாள். இந்தத் தடவை கையில் பிஸ்கட் இல்லை.

“லைன் போனாலும் வால்மாவுக்குச் சொல்லிப் புரிய வெச்சிடலாம்டி.”

“புரியாது ரோண்டா. அடிச்சு அடிச்சுப் பாப்பா. யாரும் எடுக்கலேன்னா நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுப்பா. ஏன்னு அவளுக்கு ஞாபகமும் இருக்காது, கோவம்னு மட்டும் இருக்கும்.”

ரோண்டா வாதாடாமல் தலையை ஆட்டினாள். ஊர் சரித்திரத்தில் குறித்து வைக்க வேண்டிய நிமிஷம் அது. அப்போதுதான் போன் அடித்தது. அதே எண்.

“திருடன்,” என்றாள் கிளெனிஸ் களைப்பாக.

ரோண்டாவுக்குக் கைக்கு வேலை கிடைத்தது. போனைப் பிடுங்கினாள், கைப்பையில் துழாவினாள், மூச்சை முழுசாக இழுத்து நெட்பால் மைதானத்தின் நாலு மூலைக்கும் கேட்கிற மாதிரி ஊதினாள். அந்தப் பக்கம் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது.

“அம்மா,” என்றது குரல், மெதுவாக. “வெச்சிடாதீங்க. மத்தியானத்தோட உங்க நம்பர் போயிடும். போனா திருப்பிக் கொண்டுவர என்னாலயும் முடியாது. என்னை நம்ப வேணாம். பிறந்த தேதியும் வேணாம். உங்க பழைய பில்லுல ஒரு நம்பர் போட்டிருக்கும். அதுக்கு நீங்களே கூப்பிட்டு அபிசாய்னு கேளுங்க. அவ்ளோதான் சொல்ல வந்தேன்.”

இந்தத் தடவை வைத்தது அவன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருடன் தானாகப் போனை வைத்ததாகக் கிளப்பில் யாரும் சொன்னதில்லை.

“மத்தியானம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் கிளெனிஸ்.

“ஊருக்கே தெரியுமே,” என்றாள் ரோண்டா. ஊருக்குச் சொன்னவளே அவள்தான். ஆனால் எழுந்து இழுப்பறையைத் திறந்து பில்லைத் தேடியவளும் அவள்தான்.

சங்கீதம். மறுபடி சங்கீதம். கடிகார முள் பன்னிரண்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் எடுத்தாள். அபிசாய் என்றதும், “ஓ, நீங்கதானா?” என்று சிரித்தாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. பிறகு அதே குரல்.

“சொல்லுங்கம்மா.”

“நெஜமாவே கம்பெனிதானாப்பா?” என்றாள் கிளெனிஸ்.

“நெஜமாவே கம்பெனிதான்.”

“உன்னைத் திருட்டுப் பயல்னு சொன்னேனே.”

“சொன்னீங்க. கேக் அனுப்பறியான்னும் கேட்டீங்க.”

“அந்த விசில் நான் இல்லப்பா.”

“யாரா இருந்தாலும் சரி, நல்ல நுரையீரல். எனக்கு இன்னும் ஒரு காதுல கடல் சத்தம் கேக்குது.”

அவன் இருப்பது சுவாவில், பிஜித் தீவில். கோபமே இல்லை அவனிடம். அவன் அம்மாவும் தெரியாத எண் என்றால் எடுக்கமாட்டாளாம், மகன் ஆபீஸிலிருந்து கூப்பிட்டாலும் வைதுவிட்டு வைத்துவிடுவாளாம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வேலைக்கு வந்தான். முதல்நாள் பழைய விலைக்குத்தான் கொடுப்பதாக இருந்தது. அவள் திட்டியதும் மேலதிகாரி கொஞ்சம் இறங்கினார். மறுநாளும் திட்டியதும் இன்னும் இறங்கி நியூசிலாந்தைச் சேர்த்தார். இப்போது பாதி விலை, புதிய போன் ஒன்று இலவசம். இதற்குக் கீழே போக அவர்களிடம் படியே இல்லை. “இந்தம்மா வக்கீலான்னு மேலதிகாரி கேட்டார்,” என்றான்.

“எனக்குப் புதுப் போன் வேணாம்ப்பா,” என்றாள் கிளெனிஸ். ரோண்டா திரும்பிப் பார்த்தாள். அந்தச் சொல் அந்த வாயிலிருந்து வந்தது அதுதான் முதல்தடவை. “விலையும் அப்புறம். இந்த நம்பர் இருக்கணும். எங்க அக்காவுக்கு இது ஒண்ணுதான் தெரியும்.”

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது அவளுக்கு மழைச் சத்தம்போல இதமாக இருந்தது. “நம்பர் இருக்கும்மா,” என்றான் அபிசாய். “எங்கயும் போகாது.”

மத்தியானம் தாண்டியது. போனில் சிக்னல் கோடுகள் அப்படியே நின்றன. ஆனாலும் கிளெனிஸ் அதை நம்பாமல் மேஜையருகிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றரைக்கு ரோண்டா மறுபடி வந்தாள், கையில் ஒரு உறையோடு.

“கிளென், அந்தப் பையன் எத்தன மணி வரைக்கும் இருப்பான்?”

“எதுக்கு?”

“என்னோட பில்.” உறையை மேஜைமேல் வைத்து, விரலால் கிளெனிஸ் பக்கம் தள்ளினாள். “நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான். நீ கொஞ்சம் பேசேன்.”

கிளெனிஸ் பிரித்துப் பார்த்தாள். பாதியாம் பாதி. ரோண்டா கட்டுவது தெருவிலேயே அதிகம்.

“நீதான் போன வருஷம் பாதியா…”

“போன் போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒருத்தி எடுத்தா. எனக்கு பயமாயிடுச்சு, ராங் நம்பர்னு சொல்லி வெச்சிட்டேன்.” ரோண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “கிளப்புல சொல்லிடாதடி.”

கிளெனிஸ் சொல்லவில்லை. சொல்லாமலே கிளப்புக்குத் தெரிந்துவிட்டது, அது வேறு கதை. அவள் அந்த நேரத்தில் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு. நாலு தாண்டியது. ரோண்டாவும் கடிகாரத்தின் பக்கம் திரும்பினாள்.

போன் அடித்தது.

“கெட்டிலை வெச்சிட்டியா, கிளென்?”

கிளெனிஸ் அடுப்பைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து அதை அவள் தொடவே இல்லை. “இதோ வால், இப்ப வெக்கறேன்,” என்றாள். ரோண்டா சத்தம் போடாமல் எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.