கட்டிக்குப் புள்ளி போட்டவள்

ஆடைத் தொழிற்சாலையில், துணியில் குறை பார்க்கும் மேசைக்கு அடியில் குழல்விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தின் மேல் வெள்ளைத் துணி மெதுவாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. இளையவளின் கண் துணியில் இருந்தது. மனம் மட்டும் வீட்டில், மூத்தவளின் கட்டிலில் அடுக்கியிருந்த மூன்று தலையணைகளில் இருந்தது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். மூத்தவளுக்கு அதே தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை. அவள் தோளுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்த கட்டியைப் போன வாரம் அறுத்து எடுத்தார்கள். அன்றிலிருந்து வீடே அவளைச் சுற்றித்தான். அவள் கணவன் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தினமும் தலைவாரி விடுகிறான். வகிடு கோணலாகத்தான் வருகிறது. அதையும் கலைக்காமல் நாள் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறாள் மகராசி. உறவுக்காரர்கள் ஆப்பிள் பையோடு வருகிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் டீ போடுவது இளையவள்.

"உங்க அக்காவுக்குத் தேவலையா?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள்.

"அவங்களுக்கென்ன, மகாராணி. வீட்டுக்காரர் ஆப்பிளைத் தோல் சீவி வாயில ஊட்டுறார். ஆபரேஷன் தோள்லயா பல்லுலயான்னே தெரியல."

"வயித்தெரிச்சலாக்கும்?"

"எனக்கென்ன வயித்தெரிச்சல்" என்றபடி, துணியில் கண்ட ஒரு நூல் முடிச்சைச் சுற்றி வட்டம் போட்டாள். அழுத்திய அழுத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

வயிறு எரியத்தான் செய்தது. அவளிடமும் ஒரு கட்டி இருந்தது. இடது மார்பில், பட்டாணி அளவு. குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டு ஐந்து மாதம் ஆகிறது. வலியில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு வருடமாக அவள் துணியில் குறை பார்க்கிறவள். அங்கே குறைக்கு அளவுதான் கணக்கு. மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் ஒரு புள்ளி. ஒன்பது அங்குலத்தைத் தாண்டினால் நாலு. ஒரே ஒரு புள்ளிக்காக எந்தத் துணியும் திரும்பிப் போனதில்லை. கை பழகிய அந்தக் கணக்கை அவள் தன் உடம்புக்கும் போட்டாள். ஒரு புள்ளி. போகட்டும். அதற்குள் மூத்தவளுக்கு ஆபரேஷன் வந்துவிட்டது. இனிமேல் வாயைத் திறந்தால் போட்டிக்குச் சொல்கிறாள் என்பார்கள். அந்த வீம்பிலேயே இருந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கணவனின் சித்தி வந்திருந்தாள். மூத்தவள் தலையணையில் சாய்ந்துகொண்டு நாலாவது முறையாகக் கதையை ஆரம்பித்தாள்.

"தொட்டுப் பார்த்ததுமே டாக்டர் சொன்னாங்க அத்தை, கொழுப்புக்கட்டி மாதிரி இருக்குன்னு. மெத்துன்னு இருக்கும், விரலுக்கு அடியில நழுவும். தன்னைச் சுத்தி ஒரு உறை போட்டுக்கிட்டு அங்கேயே கிடக்குமாம், வேற எங்கேயும் போகாதாம். ஆனாலும் எடுத்ததை லேபுக்கு அனுப்பிப் பார்த்துட்டுத்தான் சாதாக் கட்டின்னு எழுதிக் கொடுத்தாங்க."

டீத் தட்டைச் சத்தமாக வைத்தாள் இளையவள். "எனக்கும்தான் ஒண்ணு இருக்கு. நான் என்ன ஊரைக் கூட்டினேனா?"

அவள் கணவன் சிரித்துவிட்டான். "அண்ணிக்குப் புடவை எடுத்தா உனக்கும் எடுக்கணும். இப்பக் கட்டியிலயும் போட்டியா?"

சித்தியும் சிரித்தாள். மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட தோளோடு எழுந்து, இளையவளின் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நழுவுதா?"

"இல்ல. கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு."

"கையைத் தூக்கு."

கண்ணாடி முன்னால் கையைத் தூக்கினாள். கட்டி இருந்த இடத்தில் தோல் சின்னதாக உள்ளே குழிந்தது. துணிக்குள் சிக்கிய முடிச்சு சுற்றியுள்ள இழைகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்வதைப் பதினோரு வருடமாகப் பார்த்த கண் அது. தன் மேல் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எத்தனை நாளா இருக்கு?"

"அஞ்சு மாசம்."

"ஏன்டி சொல்லல?"

"எல்லாரும் உங்களையே..."

மூத்தவள் திட்டவில்லை. "நாளைக்கு நான் கூட வரேன்" என்றாள்.

ஊசியால் திசு எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் டாக்டர் முடிவைச் சொன்னபோது கணவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். புற்று.

"அக்காவுது எலுமிச்சம்பழம் அளவு டாக்டர். என்னுது பட்டாணி. அது சாது, இது கேன்சரா?" அந்த நேரத்திலும் குரலில் பொறாமை இருந்தது.

டாக்டர் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். புள்ளிக் கணக்கைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஓட்டைக்கும் இதே அங்குலக் கணக்கா?"

"இல்ல. ஓட்டைன்னா எவ்வளவு சின்னதா இருந்தாலும் நாலு புள்ளி."

"ஏன்?"

"அது அப்படியே நிக்காது டாக்டர். துவைக்கத் துவைக்கப் பிரிஞ்சுக்கிட்டே..." சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"இதுவும் அப்படித்தான்" என்றார் டாக்டர். "சாதாக் கட்டி பக்கத்துல இருக்கிறதைத் தள்ளும், உள்ளே நுழையாது. புற்று சுத்தியிருக்கிற சதைக்குள்ள வேர் விடும். ரத்தத்துலயும் நிணநீர்லயும் ஏறிப்போய் நுரையீரல், எலும்புன்னு புது இடத்துல குடியேறும். அதனால எந்தத் திசுவுல ஆரம்பிச்சதுன்னு பார்த்துப் பேர் வைப்போம். செல் எவ்வளவு மாறியிருக்குன்னு பார்த்துத் தரம் போடுவோம். எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பார்த்து நிலை சொல்வோம். அளவும் அதுல ஒரு கணக்குதான். ஆனா அளவை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண மாட்டோம். உங்களுக்கு அக்குள்ல ஒரு நிணநீர் முடிச்சு வரைக்கும் போயிருக்கு. இரண்டாம் நிலை. அதைத் தாண்டலை, குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கு. அஞ்சு மாசம் முன்னாடியே வந்திருந்தா அதுவரைக்கும்கூடப் போகாம இருந்திருக்கலாம்."

வீட்டில் இப்போது மூன்று தலையணையும் அவள் கட்டிலில். டீ போடுவது மூத்தவள். போட்டியா என்று கேட்ட கணவன் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளுக்குத் தலைவாரினான். வகிடு கோணலாகத்தான் வந்தது. சிகிச்சை தொடங்கிய மூன்றாவது வாரம் மருந்தின் வேகத்தில் முடி சீப்போடு வந்தது. சீப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு அவன், "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான். அவள் பொறாமைப்பட்டது ஒன்று விடாமல் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

எட்டு மாதம் கழித்துத் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன கேட்பதென்று யாருக்கும் தெரியவில்லை. அவளே பேசினாள்.

"துணிக்கு நாம புள்ளி போடலாம். உடம்புல வர்ற கட்டிக்குப் போடக் கூடாது. சின்னது, வலிக்கல, அடுத்தவங்களுது இதைவிடப் பெருசுன்னு எந்தக் கணக்கும் அங்கே செல்லாது. கட்டியெல்லாம் புற்று இல்ல. ஆனா எது புற்றுன்னு டெஸ்ட்தான் சொல்லணும், நாம சொல்லக் கூடாது. வீட்டுல எவளாவது கட்டி இருக்குன்னு சொன்னா சிரிக்காதீங்க. நான் அஞ்சு மாசம் புள்ளிக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன், கடைசியில எங்கக்காவோட தலையணையை எண்ணிக்கிட்டு இருந்தேன். அது அந்த அஞ்சு மாசமும் உள்ளே நடந்துக்கிட்டே இருந்திருக்கு."

மணி அடித்தது. மேசைகளில் துணி மறுபடி ஓடத் தொடங்கியது.

வேலை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்து மேசைக்காரி வாசலில் தனியாக நின்றிருந்தாள். கை சாக்பீஸைப் பொடியாக்கிக்கொண்டிருந்தது.

"அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் இருப்பாங்க?"

எதற்கென்று இளையவள் கேட்கவில்லை.

"நாளைக்கு இருப்பாங்க. நான் கூட வரேன்" என்றாள்.