இரண்டு மச்சான்களுக்கு நடுவே

போன வருடம் இதே சங்குப் பருவத்தில் சிலாவத்துறைக் கரையிலிருந்து வள்ளம் ஏறியபோது என் மனைவி ஹிதாயா உயிரோடு இருந்தாள். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இந்த வருடம் ஏறும்போது எழுத்துத் தெரியும், ஹிதாயா இல்லை. நடுவில் நடந்ததையெல்லாம் வள்ளத்தின் முன்பக்கம் குந்தியிருந்து நினைத்துப் பார்த்தேன்.

என்னைத் தலைமன்னாருக்கு அனுப்பியவள் அவள்தான். “கடல் உங்களைத் திண்டது போதும். இறங்குதுறையில போய் வேலை பாருங்கோ” என்றாள். அங்கே மூட்டை சுமந்தேன். அரிசி மூட்டையில் மையால் எழுதியிருப்பதைக் காட்டிக் காட்டிப் பெனடிக்ற் என்ற கணக்குக் கிளாக்கர் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தார். வைகாசியில் எங்கள் கரைக்கு வாந்திபேதி வந்தது. எனக்குச் செய்தி கிடைத்து நான் ஊர் வந்தபோது ஹிதாயாவை அடக்கி முடித்திருந்தார்கள். குழியில் இறங்கி அவளைக் கிடத்தியவன் அவளுடைய அண்ணன் முஹைதீன்.

அழுது முடிந்தபின் மனிதன் அடுத்ததை யோசிக்கத்தானே வேண்டும்? இந்தப் பருவத்தோடு கடலை விடுவது. இறங்குதுறையில் மூட்டைகளைப் பார்த்து எழுதுகிற வேலையில் சேருவது. தாராபுரத்து நசீறாவை நிக்காஹ் செய்வது. எல்லாம் பேசியாகிவிட்டது. இறங்குதுறையை நடத்தும் துரையிடம் எனக்காகச் சொன்னவர் எங்கள் வள்ளத்தின் சொந்தக்காரர், சம்மாட்டி றஊப். பருவம் முடியும்வரை சங்கு குளிப்பேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் சொன்னார். நிக்காஹ் அதற்குப் பிறகு.

“மாப்பிள்ளை இப்ப படிச்ச ஆளடா” என்று றஊப் தண்டு வலிப்பவர்களுக்குச் சொன்னார். “சுறா வந்தா வாசிச்சுக் காட்டுவார். அது கொட்டாவி விட்டிட்டுப் போயிடும்.”

வள்ளமே சிரித்தது. முஹைதீன் மட்டும் சிரிக்கவில்லை. என் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

சங்கு குளிப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிப்பான். எங்கள் கரையில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். கூடப் பிறந்தவனுக்குப் பொறாமை வரலாம், கூட்டாளிக்கு ஆசை வரலாம். தன் சகோதரி விதவையாவதை மட்டும் எந்த மச்சானும் விரும்பமாட்டான். அந்த ஒன்றை நம்பித்தான் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போகிறோம். முஹைதீன் என் கயிற்றைப் பிடிக்கத் தொடங்கிப் பல வருடம். அவன் கை எனக்கு என் மூச்சு மாதிரி. ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று முதல் தடவை இறங்கினேன். வலைப்பையில் சங்கைப் போட்டுக் கயிற்றை ஆட்டினேன். உடனே வரவேண்டிய இழுவை வரவில்லை. நெஞ்சு இறுகத் தொடங்கிய பிறகுதான் கயிறு நிமிர்ந்தது. இரண்டாம் தடவை அதைவிடத் தாமதம். மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபோது காதுக்குள் இரைந்தது.

“என்ன மச்சான், கயிறு ஆட்டினது தெரியேல்லையோ?”

“தெரிஞ்சது.”

“பிறகு?”

“பிறகுதான் இழுத்தனான்.”

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன்.

“நசீறா விசயம் உனக்குப் பிடிக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“நீ ஆம்பிளை. செய்யத்தான் வேணும். அதில எனக்கு ஒண்டுமில்லை.” தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். “முந்தி நீ கீழ போனா எனக்கு ஹிதாயா வாசல்ல நிக்கிறது தெரியும். கயிறு ஆடினா கை தானா இழுக்கும். இப்ப கயிறு ஆடுது, ஒருத்தரும் தெரியினமில்லை. இழுக்கோணும் எண்டு நான் யோசிச்சு இழுக்கிறன் ஹலீம். என்ர கையை எனக்கே நம்பேலாம இருக்கு. என்னட்டக் கயிறைத் தராதை.”

பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். மச்சான் என்று சொல்லவில்லை.

றஊப் கேட்டுக்கொண்டிருந்தார். “வேற ஆருட்டக் குடுக்கிறது? புது மச்சான் நிக்காஹுக்குப் பிறகுதானே. பகிடி விடாம இறங்குங்கோடா, வெயில் ஏறுது.”

அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. பழைய மச்சான் இனி மச்சான் இல்லை. புதியவன் இன்னும் மச்சானாகவில்லை. வருடம் முழுக்க நான் யோசித்ததில் இது மட்டும் இல்லை. இருந்தாலும் இறங்கினேன். வாக்குக் கொடுத்தவன், முஹைதீனையும் அறிந்தவன், வேறென்ன செய்வது?

மூன்றாம் தடவை கீழே சங்குகள் நிறைய இருந்தன. இரண்டு கையாலும் அள்ளினேன். கயிற்றை ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஆட்டினேன். கயிறு லேசாக வந்தது, கையில் பாரமே இல்லாமல். நிமிர்ந்து பார்த்தேன். கயிறு முழுவதும் வளைந்து வளைந்து, அவசரமே இல்லாமல், என்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அதன் நுனியும் வந்து என் தோளைத் தொட்டது.

காலில் இருந்த கல்லை உதறினேன். பையை விட்டேன். சங்கை விட்டேன். நீந்தி எப்படி மேலே வந்தேன் என்று தெரியாது. மூக்கால் இரத்தம் வந்தது. றஊப்தான் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். முஹைதீன் தன் இடத்திலேயே இருந்தான். இரண்டு கைகளும் மடியில் விரிந்து கிடந்தன.

“சொன்னனான் தானே” என்றான்.

ஒருவரும் அவனை அடிக்கவில்லை. றஊப் பாயை ஏற்றச் சொன்னார். கரையில் இறங்கும்போது றஊப் சொன்னார்: “நாளைக்கு வெள்ளி, கடல் இல்லை. சனியும் விடுவம். ஞாயிறு விடிய வள்ளம். அதுக்குள்ள ஒரு மச்சானைத் தேடிக்கொண்டு வாரும்.”

உடனே மாட்டு வண்டி பிடித்துத் தாராபுரத்துக்குப் புறப்பட்டேன். முஹைதீனும் வந்து வண்டியில் ஏறினான். “நானும் வாறன். எங்கட பக்கத்தால ஒரு ஆள் வேணுமெல்லோ” என்றான். வழி நெடுக என் பக்கத்திலேயே இருந்தான்.

நிக்காஹைத் தள்ளி வைக்காமல் வெள்ளிக்கிழமையே வையுங்கள் என்று கேட்டபோது நசீறாவின் வாப்பா எனக்கு அவசரம் என்று நினைத்துச் சிரித்தார். உள்ளே பெண்களும் சிரித்தார்கள். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. நான் சம்மதம் சொல்லும்போது என் கண் நசீறாவின் அண்ணன் காமிலின் கையில் இருந்தது. துணிக்கடையில் இருப்பவன். மெல்லிய விரல்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவனிடம் கயிற்றைப் பற்றிச் சொன்னேன்.

“ஆடினா இழுக்கிறது. அவ்வளவுதானே மச்சான்? இதுக்கோ இவ்வளவு பயம்?” என்று காமில் சிரித்தான்.

முஹைதீன் அவன் பக்கம் நகர்ந்து இருந்தான். “தம்பி, கயிறு ஆடேக்க இவனை நினைக்காதை. தங்கச்சியை நினை. அவளோட மனத்தாங்கல் வைச்சுக்கொண்டு மட்டும் வள்ளத்தில ஏறாதை.”

காமிலின் சிரிப்பு நின்றது. வீட்டைச் சுற்றிப் பார்த்தான். கல் வீடு. பெண்ணுக்கென்று கொடுத்த வீடு, இனி நானும் இருக்கப்போகிற வீடு.

“இந்த வீட்டை வாப்பா அவளுக்கு எண்டு சொன்ன நாளில இருந்து நான் அவளோட கதைக்கிறேல்லை” என்றான். “அதுக்கென்ன? கயிறுதானே. இழுப்பன்.”

முஹைதீன் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து வண்டிக்காரனைத் தேடிப் போனான்.

இறங்குதுறை வேலை, துரை, மூட்டையில் உள்ள எழுத்து, ஒன்றும் இப்போது என் நினைவில் நிற்கவில்லை. காமிலையும் நசீறாவையும் ஒரு வார்த்தையாவது கதைக்க வைக்கவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். இன்று சனிக்கிழமை, நாளை விடிந்தால் வள்ளம். காலையில் நசீறா அவனுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் எடுக்கவில்லை.