மூத்தவளின் வீடு

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் மேற்கு ஜன்னலால் வெயில் உள்ளே வரும். அடுத்த வீட்டு மாடி மறைக்கும்வரை சுவரில் நிற்கும். ஸுஹைறா கெமராவை அந்தச் சுவருக்கு நேரே வைத்திருந்தாள்.

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் இருக்கும் அந்த வீட்டில் யாரும் வசிக்கவில்லை. மூத்த மகள் ஸுஹைறாவுக்கென்று வாப்பா கட்டியது. அவளைக் கட்டுகிறவன் அங்கே வந்து குடியிருக்க வேண்டும். ஊர் வழக்கம் அது. வீட்டு வேலை முடிந்தபோது அவளுக்கு இருபத்திமூன்று வயது. இப்போது முப்பத்தைந்து. வாப்பா மவுத்தாகிவிட்டார். தங்கை ஸம்ஸியாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. அடுத்த மாதம் வீடு அவளுடையது.

அதற்குள் ஸுஹைறா இந்த வீட்டைப் பற்றி ஒரு படம் எடுக்கிறாள். குழுவில் இரண்டு பேர். ஒலிப்பதிவு ஆகிலா, மருதமுனைக்காரி. கூட்டாளி என்றுதான் உம்மாவுக்குச் சொல்லியிருந்தது. இருவரும் கொழும்பில் ஆறு வருடமாகக் குடித்தனம் நடத்துவதைப் படம் சொல்லும். உம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

வீடு ஏன் பூட்டிக் கிடந்தது என்பதை உம்மா தன் வாயால் சொல்ல வேண்டும். அது இல்லாமல் படம் இல்லை.

உம்மா முனவ்வறா தேநீர்ப் போத்தலோடு வந்தாள்.

"முகத்த எடுக்கப்படாது."

"சரி உம்மா. கைய மட்டும்."

"கைய எடுத்து என்ன செய்யப் போறாய்? மருதோண்டியும் இல்ல."

ஆகிலா மைக்கை உம்மாவின் முந்தானையில் குத்தினாள்.

"வண்டு மாதிரி இரிக்கி. கடிக்குமா புள்ள?"

"கடிக்காது உம்மா."

பாங்கு தொடங்கியது. ஒரு பள்ளிவாசல் முடிக்க அடுத்த பள்ளிவாசல். ஆகிலா கையை உயர்த்திக் காத்திருந்தாள். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டாள். கடைசிப் பள்ளி ஓய்ந்தபோது வெயில் பாதிச் சுவருக்கு ஏறியிருந்தது.

"இந்த ஊடு ஏன் இவ்வளவு காலம் பூட்டிக் கிடந்த?" என்றாள் ஸுஹைறா.

"வாடகைக்குக் குடுக்க வாப்பாக்கு விருப்பமில்ல."

"ஏன்?"

"பெயின்ட் பழுதாகும்."

"உம்மா."

உம்மா கெமராவைக் காட்டினாள். "அத மூடு."

ஸுஹைறா மூடியைப் போட்டாள். தரையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உம்மாவுக்கு அது தெரியாது என்று நினைத்தாள். நிறுத்தச் சொல்லி ஆகிலாவுக்குக் கண் காட்டினாள். ஆகிலாவின் கை கருவிக்குப் போனது.

"அத என்னத்துக்கு நிப்பாட்டுறாய்? முகத்தத்தானே வேணாண்டன்."

ஆகிலா கையை எடுத்துக்கொண்டாள்.

"கேக்கிற ஆக்களுக்கெல்லாம் அவள் படிக்கிறா எண்டன்," என்றாள் உம்மா. "மறுகா, வேல செய்யிறா எண்டன். ரெண்டு மாப்புள வந்த. நாந்தான் வேணாமெண்டு அனுப்பின. உன்ட வாப்பாக்குத் தெரியாது."

ஸுஹைறாவின் கை கெமரா மூடியிலேயே இருந்தது.

"ஏனெண்டு கேளன்."

"ஏன்?"

"உன்னக் கட்டி இஞ்ச வந்து இரிக்கிறவன் பாவம்."

ஆகிலா குனிந்து ஒலி அளவைப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"ஸம்ஸியாக்கு இதக் குடுத்தா உனக்கு ஊடில்ல."

"எனக்கு வேணாம் உம்மா."

"வேணாமெண்டு லேசாச் சொல்லுவாய். பொம்புளப் புள்ளைக்கு ஊடில்லாம ஏலுமா?" உம்மா ஆகிலாவின் பக்கம் திரும்பினாள். "உனக்கு மருதமுனையில ஊடு கட்டியிரிக்காங்களா?"

"ஓம். மேல் மாடி இன்னும் பூசல்ல."

"அதுவும் பூட்டித்தான் கிடக்கா?"

"ஓம்."

வெயில் சுவரை விட்டுப் போயிருந்தது. உம்மா மூன்று கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். முந்தானையில் சரிந்திருந்த மைக்கை நிமிர்த்திவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் பொம்புளையள். அப்ப ஆரு ஆர்ர ஊட்டுக்குப் போற?"