தனியாகத்தான் போகிறேன்

ஜெயப்பிரகாஷுக்கு ஐம்பத்தொரு வயதில் ஓர் ஆசை வந்தது. பெண்ணாசை, மண்ணாசை என்று ஏதாவது வந்திருந்தால் கச்சிராயபாளையத்தில் அதைப் புரிந்துகொள்ள நாலு பேர் இருந்திருப்பார்கள். இது வேறு. ஒரே ஒரு ராத்திரி தனியாக இருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் மனிதர் பிறந்ததிலிருந்து தனியாகப் படுத்ததே கிடையாது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே பாயில் உருண்டு வளர்ந்தவர்கள். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் அறை நிறைய ஆள். கல்யாணமானதும் நிர்மலா, அப்புறம் நடுவில் மகள் தனுஷா. மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகும் வீடு காலியாகவில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தர் போனால் அந்த இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவருக்கென்று வாங்கிவந்த ஆரஞ்சை அவர்களே உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

அதற்காகத்தான் ஜீப் வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். வீட்டில் சொன்ன காரணம், வயலுக்கு உரம் ஏற்ற. முதல் தடவை மலைக்குக் கிளம்பியபோது மச்சான் சரத்குமார் குடும்பத்தோடு ஏறிக்கொண்டார். இரண்டாம் தடவை புதுக் கூடாரத்தோடு கிளம்பினார். அது ரிஷிவந்தியம் கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் போய் முடிந்தது. கூடாரத்துக்குள் அண்டா குண்டாக்களை வைத்தார்கள். இதற்கு நடுவில் ஜீப்பின் இரண்டு கதவிலும் ‘நிர்மலா கரும்பு நாற்றுப் பண்ணை’ என்று பெயின்ட் அடித்து, கீழே நிர்மலாவின் செல் நம்பரையும் போட்டாயிற்று. சும்மா நிற்கிற வண்டி விளம்பரத்துக்காவது ஆகட்டும் என்பது அவள் கட்சி.

மூன்றாம் தடவை அவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

“நாளைக்கி மலைக்குப் போறேன். தனியா.”

“சரி, யாரோட?” என்றாள் நிர்மலா, நாற்றுக் குழித்தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

“தனியான்னா தனியாத்தான்.”

“அதாங்க கேக்கறேன். தனியா யாரோட போறீங்க?”

காலையில் கிளம்பும்போது பெரிய தூக்கு நிறையப் புளியோதரையும், பை நிறைய முறுக்கும் பின் சீட்டில் இருந்தன. எப்படியும் வழியில் நாலு பேர் வந்து சேர்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் முதல் வளைவு ஏறியதும் ஜெயப்பிரகாஷ் சத்தமாகப் பாட ஆரம்பித்தார். நன்றாகவே பாடவில்லை. ஆனால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை என்பதில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வெள்ளிமலை தாண்டித் தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்கிய இடத்தில், ரேஷன் அரிசி மூட்டையோடு நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினாள். தனியாகப் போகிற தன் துணிச்சலைப் பார்த்து மலைச் சனங்கள் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, இவரும் பெருமையாகக் கையை ஆட்டினார். பள்ளத்துக்காக வண்டி வேகம் குறைந்ததும் அவள் மூட்டையைப் பின்னால் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அந்த மலையில் காலியாக வரும் ஜீப்பை அப்படியே விட்டுவிடும் வழக்கம் இல்லை.

அவள் பெயர் செவ்வந்தி. கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள்.

“எந்த ஊருண்ணா?”

“கச்சிராயபாளையம்.”

“இங்க யாரு வூட்டுக்கு?”

“யாரு வூட்டுக்கும் இல்லம்மா.”

“அப்ப இன்னாத்துக்கு?”

“சும்மாத்தான். ஒரு ராத்திரி தனியா இருக்கலாம்னு.”

செவ்வந்தி மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு பாய். எல்லாவற்றுக்கும் மேலே புது நைலான் கயிறு, தடிமனாக, சுருட்டி வைத்தது. சேற்றில் ஜீப் மாட்டிக்கொண்டால் கட்டி இழுப்பதற்காக வாங்கியது.

“இந்தக் கவுறு இன்னாத்துக்குண்ணா?”

“கடைசியில தேவப்படும்ல.”

“வூட்ல அக்கா கூட எதுனா சண்டையா?”

“ச்சேச்சே. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் பாத்தாச்சி. போதும்னு ஆயிடிச்சிம்மா.”

அவர் சொன்னது வீட்டு இரைச்சலை. அவள் ஊர் பிரிகிற இடத்தில் இறங்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்து வண்டிக் காசு நீட்டியபோது ஜெயப்பிரகாஷ் பெருந்தன்மையின் உச்சத்தில் இருந்தார்.

“காசெல்லாம் வச்சிக்கம்மா. போவும்போது இதயா கட்டிக்கினு போவப்போறேன்?” என்றார். அதோடு விடாமல், புளியோதரைத் தூக்கையும் முறுக்குப் பையையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இதையும் எடுத்துக்கினு போ. எனக்கு இனிமே எதுக்கு இவ்ளோ?”

ஜீப் கண்ணுக்கு மறைகிறவரை அவள் அங்கேயே நின்று கதவில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஓர் ஓடை வந்தது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தாலும் கரை முழுக்கச் சேறு. இரண்டாவது கியர்க் கம்பியை இழுத்துப் போட்டார். நாலு சக்கரமும் ஒருசேரக் கவ்வி, உறுமி, தண்ணீரைச் சிதறடித்து அக்கரை ஏறியது. உரமூட்டை ஏற்ற வாங்கியதாகச் சொன்ன வண்டி, வாங்கியதற்கு இன்றைக்குத்தான் நியாயம் செய்தது. அக்கரையில் பச்சைப்புல் மேடு. சுற்றிலும் கடுக்காய் மரங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு தலை தெரியவில்லை. கூடாரத்தோடு வெகுநேரம் மல்லுக்கட்டி ஒருவழியாக நிறுத்தி, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காற்று அடித்தது. யாரும் ‘என்னங்க’ என்று கூப்பிடவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ போட்டுக் குடிக்கிற நேரம் இருந்தது.

கையில் கொடுவாளோடு ஒருவர் ஓடையைத் தாண்டி வந்து, விறகு பொறுக்குகிறவர் போல நாலு குச்சி பொறுக்கிவிட்டு, கூடாரத்துக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார். முனியன் என்று பெயர் சொன்னார். பிறகு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு பெண்கள். வெயில் தாழும்போது செவ்வந்தி ஊரில் பாதி அங்கே இருந்தது. தீ மூட்டினார்கள். யாரோ நைலான் கயிற்றை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் விறகுக் கட்டுக்குச் சுற்றி இறுக்கி முடிந்தார்கள். ஒரு அம்மாள் சாமைச்சோறு கொண்டுவந்து, “ரெண்டு வாயி துன்னு சார், வவுறு காலியா இருந்தா கண்டதும் தோணும்” என்றாள்.

முனியன் பேச்சை ஆரம்பித்தார். “எனுக்குக்கூட போன வருசம் குச்சிக்கெழங்கு பூரா பன்னி துன்னுட்சி சார். கடன் ஜாஸ்தி. மனசு வுட்டனா? இல்லியே.”

“வருத்தமாத்தான் இருக்குது. அத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?”

“சும்மா. பேசிக்கினு இருந்தா பாரம் கம்மியாவும்.”

ஜெயப்பிரகாஷுக்குப் பொறுமை போயிற்று. நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினார். “உங்களுக்கெல்லாம் புண்ணியமாப் போவும். எல்லாரும் எழுந்து போங்க. என்னைத் தனியா வுடுங்க!”

எல்லாரும் எழுந்தார்கள். இரண்டடி கிட்டே வந்து உட்கார்ந்தார்கள்.

“முந்தா வருசம் ஒருத்தர் கார்ல வந்தாரு சார்” என்றார் முனியன். குரல் மாறியிருந்தது. “இதே எடம். அவரும் இதத்தான் சொன்னாரு. பெரிய எடத்து ஆளு, நமக்கெதுக்குன்னு நாங்களும் போய்ட்டோம்.”

ஜெயப்பிரகாஷுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கயிறு, காசு, புளியோதரை எல்லாம் வரிசையாக வந்து மண்டையில் இடித்தன. சிரித்துவிட்டார். “ஐயையே, நான் சாவறதுக்கு வரலிங்க!”

“அவரும் சிரிச்சாரு சார்” என்றார் முனியன்.

ஜெயப்பிரகாஷ் சாமைச்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார்.

பொழுது சாய்ந்து, முகம் மங்கலாகத் தெரிகிற நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் கார் விளக்கு தெரிந்தது. சரத்குமாரின் கார். அது ஓடையைத் தாண்டாது. அதிலிருந்து இறங்கிய நிர்மலா, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, செவ்வந்தி கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கி வந்தாள். டவர் கிடைக்கப் பாறைமேல் ஏறி நின்று செவ்வந்தி போன் போட்டதும், உங்கள் வீட்டுக்காரர் இங்கே தனியாக வந்திருக்கிறார் என்று அவள் சொன்ன ஒரே வார்த்தைக்கு வீடே புரண்டு அழுததும் பிறகுதான் தெரிந்தது. நிர்மலா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகு புல்லில் உட்கார்ந்து அழுதாள்.

“மொதல்ல மருந்து ரூமுக்குத்தான் ஓடனேன், தனுஷாப்பா. பூச்சி மருந்து டப்பா இருக்குதான்னு பாத்தேன். இருந்துச்சி. அப்பறம்தான் காலே தரையில நின்னுச்சி.”

“நான்தான் சொல்லிட்டு வந்தேனே? தனியா இருக்கப்போறேன்னு?”

“சொன்னீங்க. யாரு நம்புவாங்க? ஒக்காந்த எடத்துக்குக் காப்பி வருது, படுத்த எடத்துக்குப் போர்வை வருது. அந்த ஆளுக்கு எதுக்குத் தனியா இருக்க ஆச வரும்? சாவணும்னு வந்திருந்தாக்கூட நம்பிடுவேன்.”

நம்பியும்விட்டாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தன் ஆசையைவிடத் தன் சாவுதான் சுலபமாகப் புரிந்திருக்கிறது என்பது ஜெயப்பிரகாஷுக்கு உறைத்தது. கொஞ்சம் வலித்தது. கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

“உனக்கு வந்ததே இல்லியா?”

“எது?”

“தனியா இருக்கணும்னு.”

நிர்மலா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “எனக்கா? தினோம் வருது. விடியக்காலம் எழுந்து நாத்துக்குத் தண்ணி வுடப் போறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? மோட்டாரப் போட்டா அது பாட்டுக்குத் தெளிச்சிடும். நான் சும்மா ஒக்காந்துக்கினு இருப்பேன். உங்கண்ணி எழுந்து வந்து கூப்புடுற வரைக்கும்.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் அவரைப் போட்டு வாட்டியது. ஆசைப்பட்டதும் இவருக்கு ஒரு ஜீப் வந்தது. அவளுக்கு ஒரு மோட்டார் சத்தம்.

அவர் எழுந்து போய்க் கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் திறந்தார். “உள்ள போ. காலைல வரைக்கும் ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்.”

வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டுக் குனிந்து உள்ளே போனாள். ஜிப் உள்ளேயிருந்து மூடிக்கொண்டது.

ஜெயப்பிரகாஷ் தீப்பக்கம் வந்து உட்கார்ந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் சரத்குமார் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, செவ்வந்தி திருப்பிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், அக்கா உள்ள போய்ட்டாங்க?” என்றார் முனியன்.

“அவுங்களுக்குக் கொஞ்சம் தனியா இருக்கணுமாம்.”

முனியன் செவ்வந்தியைப் பார்த்தார். செவ்வந்தி கூடாரத்தைப் பார்த்தாள். பிறகு முனியன் எழுந்து, கொடுவாளை எடுத்துக்கொண்டு, கூடாரத்து வாசலை ஒட்டிப் போய் உட்கார்ந்தார். செவ்வந்தி பின்பக்கம் போனாள். ஒவ்வொருவராக எழுந்து போய்க் கூடாரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“அட, ஒண்ணும் இல்லிங்க. சும்மாதான் போயிருக்கா” என்று ஜெயப்பிரகாஷ் சிரித்தார். யாரும் கேட்கவில்லை. அவர் மட்டும் தீயருகில் இருந்தார். வந்ததற்கு இப்போதுதான் முழுசாகத் தனியாக இருக்கிறார். அனுபவிக்கலாம்தான். ஆனால் கண் கூடாரத்தை விட்டு நகரவில்லை. உள்ளே சத்தமே இல்லை. பாயில் புரளுகிற சத்தம்கூட இல்லை. தினோம் வருது என்று எவ்வளவு லேசாகச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, அவருக்குத் தெரியாதா? உலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒன்றும் இருக்காது. ஆனாலும் எழுந்து போனார்.

“நிர்மலா… ஒண்ணும் இல்லியே?”

உள்ளே பாய் சரசரத்தது.

“ஒண்ணும் இல்ல. மொதல்ல நீங்க அந்தாண்ட போங்க.”

அவர் போகவில்லை. முனியன் நகர்ந்து இடம் கொடுத்தார்.