சுவர் காயும்வரை வாளிக்குளியல்

குளியலறைச் சுவருக்குக் கல்தான் என்று முடிவான நாள் முதல் செனைதாவுக்கு வீட்டில் ஆதரவாக ஒருவரும் இல்லை. செராமிக் போதும் என்றான் கணவன் ஹாசிந்தோ. தெக்காலியில் கல் அறுக்கும் பட்டறை வைத்திருந்த கிரிசோஃபோரோவோ, கண்ணாடிபோல் மின்னும் பளிங்கைத்தான் பதிக்க வேண்டும் என்றார். செனைதாவின் மகனுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். அந்த உறவில் இவளுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு இவள் கொம்மாத்ரே. கல்லும் அவருடைய அன்பளிப்பு.

செனைதா அவர் பட்டறையிலிருந்து மூன்று வகைக் கல் துண்டுகளை வாங்கி வந்து எலுமிச்சை பிழிந்தாள், தலைச்சாயம் தடவினாள், பிறகு ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டாள். பொன் ரேகை ஓடிய வெள்ளைக் கல் துருவேறியது போல் பழுத்தது. மின்னிய கல்லில் எலுமிச்சை பட்ட இடம் தேமலாக வெளுத்தது. மெருகேற்றாத சாம்பல் கல்லிலும் தடம் விழுந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அதையே எடுத்தாள்.

"கழுதை முதுகு மாதிரி இருக்கு, கொம்மாத்ரே. நான் குடுத்ததுன்னு வெளிய சொல்லிடாதீங்க."

"கழுதை முதுகுல கறை தெரியாது. அதான் வேணும்."

கொத்தனார் இழுத்தடித்ததில், பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு முந்தைய நாள் காலையில்தான் அவளால் கல்லுக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் பூச முடிந்தது. மறுநாள்வரை ஈரம் ஆகாது. கதவைப் பூட்டினாள். மதியம் கிரிசோஃபோரோ உடம்பெல்லாம் கல்தூசியோடு, தோளில் துண்டோடு வந்து நின்றார். முதல் குளியல் அவருக்கே என்று ஹாசிந்தோ வாக்குக் கொடுத்திருந்தான்.

"இன்னைக்குக் கிடையாது, கொம்பாத்ரே. இப்பத் தண்ணி பட்டா சுவர் திட்டுத் திட்டா ஆயிடும்."

"சுவர்ல படாம குளிக்கிறேன்."

"நீங்களா? கோயில்ல தீர்த்தம் தொட்டாலே மூணு பெஞ்சு நனையுது!"

"மானத்த வாங்காத, சாவியக் குடு," என்று ஹாசிந்தோ பல்லைக் கடித்தான். இவர் கோபித்துக்கொண்டு கிளம்பினால் நாளைய விருந்தே கெட்டுவிடும். செனைதாவுக்கும் அது தெரியும். ஆனாலும் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு வாளியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்துக் கொல்லையைக் காட்டினாள்.

கிரிசோஃபோரோ வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனார். முதல் குவளைத் தண்ணீருக்கு அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன.

மறுநாள் காலை செனைதா கதவைத் திறந்து சுவரில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். மேல் வரிசைகளில் துளிகள் முத்தாக உருண்டு ஓடின. கடைசி வரிசையில் மட்டும் துளி உள்ளே இறங்கிக் கல் கறுத்தது. அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு பூச வேண்டும். அதன் பிறகு இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும்.

அதற்குள் விருந்துக்காக வேரக்ரூஸிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்கள் துண்டும் சோப்புமாக வரிசை கட்டிவிட்டார்கள். இத்தனை பேரிடம் என்ன சொல்வது என்று அவள் திரும்பியபோது, கிரிசோஃபோரோ நாற்காலியை இழுத்து வந்து குளியலறை வாசலை அடைத்து உட்கார்ந்தார்.

"யாரும் உள்ள போகக் கூடாது. கல் காயணும்."

"ஒரே நிமிஷம், மாமா!"

"நேத்து நான் கொல்லையில பல்லு கிடுகிடுக்கக் குளிச்சேன். நீங்க மட்டும் வெந்நீர்ல சொகுசாக் குளிப்பீங்களா? வாளி அங்க இருக்கு, போங்க!"

உள்ளே செனைதா முழங்காலிட்டு, ஈரம் போகக் கடைசி வரிசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.